சிரிப்பவர் எங்கே நிற்கிறார்?

பெண்ணியவாதிகளுக்குச் சிரிக்கத் தெரியாது என்ற ஏளனத்தைக் கேட்காத பெண்கள் நம்மில் குறைவு. ஜெர்மனியில் அந்த ஏளனத்துக்குப் பல பத்தாண்டுகள் படங்களாலேயே பதில் சொன்னவர் ஃபிரான்ஸிஸ்கா பெக்கர்.

1949இல் மான்ஹைம் நகரில் பிறந்து, கார்ல்ஸ்ரூவில் ஓவியம் பயின்றவர். 1977 ஜனவரியில் அலிஸ் ஷ்வார்ட்ஸர் 'எம்மா' என்ற பெண்ணிய இதழைத் தொடங்கினார். அந்த ஆண்டு முதலே பெக்கரின் கேலிச்சித்திரங்கள் அதில் வரலாயின. மனைவி வேலைக்குப் போகலாம், ஆனால் குடும்பக் கடமைக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்ற சட்டம் மேற்கு ஜெர்மனியில் அந்த ஆண்டின் நடுப்பகுதிவரை இருந்தது. இது நூறாண்டுப் பழங்கதை அல்ல. நம் அம்மாக்களின் காலத்துச் செய்தி.

அப்படிப்பட்ட காலத்தில் ஆண்களை மட்டும் கேலி செய்திருந்தாலே போதும், கைதட்டல் கிடைத்திருக்கும். பெக்கர் தன் தோழிகளையும் விடவில்லை. 1980இல் வந்த அவரது முதல் தொகுப்பின் பெயருக்கு 'என் பெண்ணிய அன்றாடம்' என்று பொருள். 'என்' என்ற அந்தச் சொல்லில்தான் அவருடைய பலம் இருக்கிறது. மேடையில் பேசுவதற்கும் வீட்டில் வாழ்வதற்கும் உள்ள இடைவெளி, 'நான் அப்படிப்பட்டவன் இல்லை' என்று சொல்லிக்கொள்ளும் முற்போக்குக் கணவர், ஒற்றுமை பேசியபடியே ஒருவரையொருவர் அளக்கும் பெண்கள் என எல்லாவற்றையும் உள்ளிருந்து பார்த்து வரைந்தார். அந்தப் படங்களில் சிரிப்பவரும் சிரிக்கப்படுபவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். அதனால் அந்தக் கேலி வலித்தாலும் அவமானப்படுத்துவதில்லை. 2013இல் அவருக்கு வில்ஹெல்ம் புஷ் பரிசு கிடைத்தது.

2019இல் பெண் பத்திரிகையாளர் சங்கம் ஒன்று அவரது வாழ்நாள் பணிக்காக ஹெட்விக் டோம் விருதை அறிவித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஹிஜாபும் புர்காவும் அணிந்த பெண்களை அவர் வரைந்த படங்கள் இஸ்லாமியப் பெண்களை இழிவுபடுத்துகின்றன, அவை இனவாதம் என்றார்கள் விமர்சகர்கள். தான் எதிர்ப்பது மத அடிப்படைவாதத்தைத்தான் என்றார் பெக்கர். சங்கமும் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

மத அதிகாரத்தைக் கேலி செய்யும் உரிமை பெண்களுக்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கேள்வி வேறு. பெக்கரின் பெண்ணியத் தோழிக்குத் தயக்கம் உண்டு, பொய் உண்டு, ஆசை உண்டு. ஹிஜாப் அணிந்தவளை வரையும்போது அவர் அந்த அறைக்கு வெளியே நிற்கிறார். அவள் ஆளாக இல்லாமல் ஓர் அடையாளமாக மட்டும் நின்றுவிடுகிறாள். அவளை அடக்கும் அதிகாரத்தின்மேல் எய்த அம்பு அவள்மேலேயே பாய்கிறது. சிறுபான்மையாக வாழும் பெண்கள்மீது தெருவில் ஏற்கெனவே ஏளனம் விழும் நாட்டில், அந்தச் சிரிப்பு யார் பக்கம் போய்ச் சேரும் என்று கேட்காமல் இருக்க முடியாது.

இதற்காக அவரைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரை அளக்கும் கோலை அவரே நமக்குத் தந்திருக்கிறார். அவரது நல்ல படங்களின் அருகே அந்தப் படங்களை வைத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். கேலி எழுதவோ வரையவோ விரும்பும் மாணவிகள் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோமோ, அவர்களோடு ஒருநாளாவது நாம் உட்கார்ந்து பேசியிருக்கிறோமா?