காய்ச்சல் போன பிறகும் தேட வேண்டும்

சேலம் மாவட்டத்து மேச்சேரிக்குப் பக்கத்தில்தான் மேட்டூர் அணை. அது திறக்கப்பட்ட 1934ஆம் ஆண்டு இலங்கையில் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, படுகையெங்கும் குட்டை குட்டையாகத் தேங்கிய நீரில் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் கொசு பெருகியது. 1934–35இல் ஏறத்தாழ 80,000 பேர் மலேரியாவில் மாண்டார்கள். அதே காலத்தில் மேட்டூர்த் தண்ணீர் புதிய கால்வாய் வழியே பட்டுக்கோட்டைக்குப் போனது. பின்னாலேயே மலேரியாவும் பரவியது. அங்கே ஆய்வு செய்த மலேரியா வல்லுநர் பால் ரஸ்ஸல், ஒழுங்கில்லாத பாசனமே காரணம் என்றார். இலங்கையில் வறட்சி வளர்த்த கொசுவை இங்கே கசிந்து தேங்கிய நீர் வளர்த்தது.

பின்னர் இரு நாடுகளும் வீடு வீடாக டி.டி.டி. அடித்தன. இலங்கையில் 1963இல் நோயாளிகள் வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்று கை தளர்ந்தது. 1968–69இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். இந்தியாவிலும் அதே கதைதான்: 1961இல் சுமார் 50,000 பேர், 1976இல் 64 லட்சம் பேர்.

இரண்டாம் முறை இலங்கை பாடம் கற்றது. காய்ச்சல்காரர் மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், நடமாடும் குழுக்கள் ஊர் ஊராகப் போய் இரத்தம் எடுத்தன. போர் நடந்த வடக்கு, கிழக்கிலும் அந்தப் பணி நிற்கவில்லை. 2012 அக்டோபருக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேலாக உள்நாட்டில் யாருக்கும் தொற்றவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்றும் மலேரியா கண்டால் நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து சோதிக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடுதோறும் தொட்டிகளைப் பார்க்கிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள், மாத்திரை இலவசம். வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு குளோரோகுயின் மூன்று நாள், பிரிமாகுயின் பதினான்கு நாள் என்பது வழக்கமான முறை. ஆனால் காய்ச்சல் இறங்கியதும் பலர் பிரிமாகுயினை நிறுத்திவிடுகிறார்கள். கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமி மாதங்கள் கழித்துத் திரும்ப எழும்.

இலங்கைத் தீவுக்குக் கடலே வேலி. நமக்கு அந்த வசதி இல்லை. இருந்தும் கடலை நம்பி இலங்கை ஓய்ந்துவிடவில்லை. நம் நகரங்களின் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு, இலங்கையின் மன்னாரில் இருப்பது 2017இல் வெளியானது. உள்நாட்டுத் தொற்று ஒழிந்த நாட்டில் ஒரு கொசுவைத் தேடிக் கண்டுபிடித்தார்களே, அந்த விழிப்பு நமக்கும் வேண்டும்.

நம் பக்கத்தில் அந்த விழிப்பை எங்கே தொடங்கலாம்? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட வட மாநிலங்களுக்குப் போகின்றன. நாமக்கல், சங்ககிரி லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன. மலேரியா நிறைந்த ஒடிசா, சத்தீஸ்கர் காடுகளிலிருந்து ஊர் திரும்பும் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால், ஊசி போட்டு அனுப்புமுன் “எங்கே போய்வந்தீர்கள்?” என்று கேட்க வேண்டும். அன்றே இரத்தப் பரிசோதனை, பதினான்கு நாள் மாத்திரையையும் விழுங்கினாரா என்று விசாரிக்க ஓர் ஆள், அவர் வீட்டைச் சுற்றிக் கொசுப்புழுத் தேடல். 2030க்குள் மலேரியாவை ஒழிப்பதாக இந்தியா உறுதி பூண்டிருக்கிறது. எண்ணிக்கை குறையும்போதும் இந்தத் தேடல் நிற்காவிட்டால்தான் அந்த உறுதி நிறைவேறும்.