கடன் எவ்வளவு என்பதல்ல, யார்கிட்ட வாங்கினது என்பதே

கட்டுமான நிறுவனங்களும் மந்தநிலையும் பற்றிய ஆய்வுகள் பலவும் கடன்–பங்கு விகிதத்தில் ஆரம்பித்து அங்கேயே முடிகின்றன. விகிதம் குறைவென்றால் தப்பிக்கலாம், அவ்வளவுதான். நானும் முன்பு அப்படித்தான் ஒரு குறிப்பு எழுதினேன். எக்செல்லில் கோடு அழகாக வந்தது, நம்பிவிட்டேன். அது பாதிதான் சரி.

2018 செப்டம்பரில் ஐ.எல்.எஃப்.எஸ். குழுமம் தவணை தவறியபோது அதன் கடன் சுமார் 91,000 கோடி ரூபாய். தொகை பெரிதுதான். ஆனால் சிக்கல் கடனின் வகையில் இருந்தது. சாலை, சுரங்கப்பாதை என்று 15, 20 வருஷத்தில் காசு திரும்பும் வேலைகள். கையிலோ சில மாதத்தில் அடைக்க வேண்டிய கடன் பத்திரங்கள். பழசை அடைக்கப் புதுசு வாங்கணும். புதுசு கிடைக்காத அன்று கதை முடிந்தது. அதன்பின் வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கே பணம் வறண்டது. அவற்றை நம்பிய பில்டர்களும் மாட்டினார்கள். நின்றுபோன குடியிருப்புகளுக்காக 2019 நவம்பரில் அரசு 25,000 கோடி நிதியை அறிவிக்க வேண்டியிருந்தது.

விகிதம் இதையெல்லாம் சொல்லாது.

எங்க நாட்றாம்பாளையம் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு மேஸ்திரிகள். ஒருத்தர் சிமெண்ட், கம்பியெல்லாம் அஞ்செட்டி ஹார்டுவேர் கடையில் கணக்கு வைத்து எடுப்பார். இன்னொருத்தர் வாரவட்டி. 2020 ஊரடங்கில் இருவருக்கும் வேலை நின்றது. கடைக்காரர், "பில்லு வந்ததும் குடுங்கண்ணா" என்று விட்டுவிட்டார். வேலை ஆரம்பித்ததும் மறுபடி சரக்கு கொடுத்தார். வட்டிக்காரர் விடவில்லை. இரண்டாமவர் சென்ட்ரிங் ஷீட்டையும் கலவை மெஷினையும் விற்றார். இன்று கூலிக்குப் போகிறார். கடன் தொகை இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ரிசர்வ் வங்கி அப்போது ஆகஸ்ட் 31 வரை தவணைத் தள்ளிவைப்புக்கு அனுமதித்தது. வங்கியிலோ பதிவுபெற்ற நிதி நிறுவனத்திலோ வாங்கியவர்களுக்குத்தான் அது. வாரவட்டிக்கு ஏது?

ஒரு ஆட்சேபம் நியாயமானது: நாணயமான ஆள் என்பதால்தான் கடைக்காரர் கடன் கொடுத்தாரோ? அப்படியானால் காப்பாற்றியது கடனா, ஆளா? இரண்டு மேஸ்திரிகளை வைத்து இதைப் பிரிக்க முடியாது. ஆனால் நூற்றுக்கணக்கான நிறுவனங்களை வைத்து எழுதுபவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது எப்படி என்றுதான் புரியவில்லை. என் பழைய குறிப்பும் தாண்டித்தான் போனது. அதை எடுத்துவிடவில்லை, மேலே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.