மவுஸைத் தூக்கிப் போடுமுன்

ஒரு தடவை கிளிக் செய்தால் இரண்டு தடவை செய்ததாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. இழுத்துக்கொண்டு போகும் ஃபைல் பாதி வழியில் நழுவி, சம்பந்தமில்லாத ஃபோல்டருக்குள் விழுகிறது. நாள் முழுக்க மவுஸ் பிடிப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. கடையில் கேட்டால் “புதுசு வாங்கிக்கோங்க சார்” என்கிறார்கள். அது சரியான தீர்வுதானா?

சில கோளாறுகள் பழுதே அல்ல. அம்புக்குறி தாவினால் அடியிலுள்ள லென்ஸ் துளையில் முடி சிக்கியிருக்கும். அல்லது மவுஸ் கண்ணாடி மேஜைமேல் இருக்கும். ஒயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பிறகு ரிசீவர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும், ஒயர்லெஸ் மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் விளக்கியிருக்கிறது. சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரட்டைக் கிளிக் அப்படியல்ல. அது உண்மையான பழுது. பட்டனுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய மைக்ரோ சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் மெல்லிய செம்புக் கலவைத் தகடு ஒன்று ‘டக்’கென்று வளைந்து தொடுமுனையைத் தொடுகிறது. புதிய சுவிட்ச்சிலும் தகடு சில மில்லிசெகண்டு அதிரும்; அதை மவுஸின் சிப் கண்டுகொள்ளாது. தகடு தளர்ந்து, முனையில் ஆக்சைடு படிந்துவிட்டால், விரல் அழுத்திக்கொண்டே இருக்கும்போதும் தொடர்பு அறுந்து மறுபடி ஒட்டும். சிப் அதைப் புதுக் கிளிக் என்று எண்ணிவிடுகிறது.

இந்த சுவிட்ச்சுகள் பலவற்றின் ஆயுள் இரண்டு கோடி அழுத்தம் என்று விளம்பரம் செய்கிறார்கள். நாளொன்றுக்கு 5,000 கிளிக் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 11 ஆண்டு உழைக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டிலேயே கிளிக் கெட்டுப்போன மவுஸ்களோ ஏராளம். அந்த எண், குறிப்பிட்ட மின்சுமையில் சுவிட்ச்சைச் சோதித்துப் பெற்றது. மவுஸில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம். படிந்த ஆக்சைடைக் கிழித்துப் போக அதற்கு வலுவில்லை. ஆகவே அந்த இரண்டு கோடியை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. இந்த சுவிட்ச்சுகளுக்குப் பொதுவாக மூன்று கால்கள். மூன்றையும் பயன்படுத்தினால், தகடு எதிர்முனையைத் தொட்ட பிறகே விரல் எடுக்கப்பட்டதாகக் கணக்கு. நடுவில் எத்தனை அதிர்ந்தாலும் இரட்டைக் கிளிக் எழாது. பல மவுஸ்களில் இரண்டு கால்களோடு நிறுத்திவிடுகிறார்கள். உலோகத் தொடுகையே இல்லாமல் ஒளிக்கற்றையால் கிளிக்கை உணரும் சுவிட்ச்சை ரேசர் நிறுவனம் 2019இல் வைப்பர் மவுஸில் கொண்டுவந்தது. தவிர்க்க வழியுள்ள பழுதுக்கு வாங்குபவர் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பரிகாரங்களில் முதலில் பலரும் தேடிப்போவது விண்டோஸின் இரட்டைக் கிளிக் வேக அமைப்பு. அதனால் பயனில்லை. அங்கே ஆகக் குறைந்த இடைவெளியே 200 மில்லிசெகண்டு. கெட்ட சுவிட்ச் அதைவிட வேகமாக விட்டுப் பிடிக்கும். அதிர்வை வடிகட்டும் மென்பொருள் கொஞ்ச காலம் பழுதை மறைக்கும், அவ்வளவுதான். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் ஆக்சைடு போகலாம். தளர்ந்த தகடு நிமிராது.

நிலைத்த பரிகாரம் சுவிட்ச்சை மாற்றுவதுதான். மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டையை நகத்தால் நெம்பினால் பெரும்பாலும் ஸ்க்ரூ அங்கேதான் ஒளிந்திருக்கும். மூன்று கால்களின் ஈயத்தையும் முழுசாக உறிஞ்சி எடுத்தபின் சுவிட்ச் தானாக வர வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்துவிடும். பல மவுஸ்களில் இடது, வலது சுவிட்ச் ஒரே ரகம். வலது பக்கத்தது குறைவாகவே உழைத்திருக்கும். இரண்டையும் இடம் மாற்றினால் செலவே இல்லாமல் சில காலம் ஓட்டலாம். புது சுவிட்ச் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் தேடலாம்.

என் தீர்ப்பு இது. வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். முந்நூறு ரூபாய் மவுஸ், சால்டரிங் தெரியாது என்றால் புதிதே சரி. கூலி விலையைத் தாண்டிவிடும். இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கி, கைக்குப் படிந்துவிட்ட மவுஸைக் கிளிக் பழுதுக்காக மட்டும் தூக்கிப் போடுவது வீண், சுவிட்ச்சை மாற்றுங்கள். அடுத்த முறை வாங்கும்போது சென்சாரின் நுணுக்கத்தைக் குறிக்கப் பெட்டியில் பெரிதாக அச்சடித்த டிபிஐ எண்ணை விட்டுவிட்டு, உள்ளே எந்த வகை சுவிட்ச், வாரண்டி எத்தனை ஆண்டு என்று கேளுங்கள்.