குரங்கணித் தீயும் செல்யேயின் நூலும்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஊருக்கு எதிரே சுவர்போல் மலை நிற்கும். அதன் மேல் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். 2018 மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சரிவில் மலையேற்றத்துக்குச் சென்ற முப்பதுக்கும் மேற்பட்டோர் காட்டுத் தீயில் சிக்கினர். காய்ந்த புல்லில் பற்றும் தீ, சமவெளியைவிடச் சரிவில் மேல்நோக்கி மிக விரைவாகப் பாயும். மனிதக் கால்களால் அதை முந்த முடிவதில்லை. செய்தி கேட்டு முதலில் மேலே ஓடியவர்களில் ஊர் மக்களும் உண்டு. சிலர் மலையிலேயே இறந்தனர். மற்றவர்கள் மருத்துவமனைகளில், அடுத்து வந்த நாட்களிலும் வாரங்களிலும் இறந்தனர். மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள்.

தீயிலிருந்து மீட்ட பிறகும் உயிர் ஏன் போகிறது? தோல் போனால் உடல் நீர் வெளியேறும், கிருமிகள் புகும். இவை நமக்குத் தெரிந்த காரணங்கள். இவற்றுக்கு அப்பால் உடலுக்குள் நடப்பது என்ன? இந்தக் கேள்வியோடு ஒரு பழைய நூலைக் கையில் எடுத்தேன். ஹான்ஸ் செல்யே 1956இல் எழுதி, 1976இல் திருத்தி வெளியிட்ட ‘தி ஸ்ட்ரெஸ் ஆஃப் லைஃப்’ என்பதே அது. ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லை உலகெங்கும் வீட்டுச் சொல்லாக்கிய நூல் இது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அதில் எது நிற்கிறது, எது விழுந்துவிட்டது என்று பார்ப்போம்.

நூலின் கரு எளிமையானது. பிராகாவில் மருத்துவ மாணவராக இருந்தபோதே செல்யே ஒன்றைக் கவனித்தார். நோய்கள் வேறுவேறாக இருந்தாலும் நோயாளிகள் பல வகைகளில் ஒரே மாதிரி இருந்தனர்: சோர்வு, பசியின்மை, உடல் மெலிவு. பிற்காலத்தில் கனடாவில் எலிகளுக்குப் பலவகைத் துன்பங்களைக் கொடுத்துப் பார்த்தார். கடுங்குளிர், காயம், நச்சுப் பொருள் என எதைக் கொடுத்தாலும் மூன்று விளைவுகள் சேர்ந்தே வந்தன. அட்ரினல் சுரப்பி வீங்கியது. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையிலும் குடலிலும் புண் தோன்றியது. 1936இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கடிதமாக இதை வெளியிட்டார். உடல் முதலில் பதறும், பிறகு தாங்கும், இறுதியில் ஓய்ந்துபோகும் என்ற மூன்று கட்டங்களை வகுத்தார்.

இனி, தீக்காய வார்டுக்கு வாருங்கள். பெருந்தீக்காயம் பட்டவருக்குச் சிறுகுடலின் தொடக்கத்தில் புண் உண்டாவதை லண்டன் அறுவை மருத்துவர் கர்லிங் 1842லேயே விவரித்திருந்தார். காயம் தோலில்; புண் குடலில்! செல்யேயின் எலிகள் காட்டியதும் இதைத்தான். அட்ரினலினும் கார்ட்டிசாலும் பெருகுகின்றன. உடலின் எரிசக்திச் செலவு இயல்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்குவரை உயரக்கூடும். தசை கரைகிறது, நோய் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் இந்நிலை நீடிப்பதுண்டு. தீக்காயம் பட்டவருக்குத் தொடக்கத்திலேயே சத்துணவு கொடுப்பதும், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுப்பதும் இதனால்தான். கர்லிங் கண்ட புண் இன்று அரிதாகிவிட்டது. ‘உடல் முழுவதும் சேர்ந்தே துன்பத்தை எதிர்கொள்கிறது’ என்ற செல்யேயின் பார்வைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் நூலின் குறைகளும் சிறியவை அல்ல.

ஒன்று, ‘தாங்கும் சக்தி’ என ஒரு முதல் நமக்குள் இருப்பதாகவும், அது செலவாகித் தீர்ந்தால் உடல் ஓய்வதாகவும் செல்யே கூறுகிறார். அந்தச் சக்தியை எவரும் அளந்ததில்லை. பின்வந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. ஹார்மோன் வற்றுவதால் அல்ல, நிற்காமல் சுரப்பதாலேயே பெரும்பாலும் கேடு வருகிறது. பாய்ச்சல் முடிந்த பின்னும் மோட்டாரை நிறுத்தாமல் விட்டால் ஏலச்செடியின் தூர் அழுகுமல்லவா? அதுபோலத்தான். இரத்த அழுத்தம், நீரிழிவு, தூக்கக்கேடு ஆகியவை இந்த வழியில் வளரக்கூடும்.

இரண்டு, நூலில் மனத்துக்கு உரிய இடம் இல்லை. துன்பம் எதுவானாலும் உடலின் மறுமொழி ஒன்றே என்பது செல்யேயின் வாதம். ஜான் மேசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளைப் பட்டினி போட்டார். ஆனால் சத்தில்லாத நார் உருண்டைகளைத் தின்னக் கொடுத்தார். உணவு கிடைத்ததாக நினைத்த குரங்குகளிடம், எதிர்பார்த்தபடி ஹார்மோன் ஏறவில்லை. வயிற்றைப் போலவே ஏமாற்றமும் பயமும் சுரப்பியை முடுக்குகின்றன என்பது இதனால் விளங்கிற்று. தீயிலிருந்து தப்பியவர் புகை வாடை பட்டதும் நடுங்குவதையும், கனவில் அலறி எழுவதையும் செல்யேயின் எலிகளால் விளக்க முடியாது. அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கம் 1980இல்தான் இதைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. தப்பியவர் எல்லோருக்கும் இது வருவதில்லை; வந்தாலும் சிகிச்சை உண்டு.

மூன்று, வயிற்றுப்புண்ணுக்குப் பெருங்காரணம் இறுக்கமே என்ற எண்ணம் இந்நூலால் வலுப்பெற்றது. ஆஸ்திரேலியாவின் மார்ஷலும் வாரனும் 1980களில் பெரும்பாலான புண்களுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று காட்டினர். 2005இல் நோபல் பரிசும் பெற்றனர்.

இன்னொன்றையும் நீங்கள் அறிய வேண்டும். செல்யேயின் ஆய்வுகளுக்குப் புகையிலைக் கம்பெனிகள் பணம் கொடுத்தன என்பது பிற்காலத்தில் வெளிவந்த ஆவணங்களால் தெரிந்தது. மாரடைப்புக்குச் சிகரெட்டைவிட ‘டென்ஷனே’ காரணம் என்று மக்கள் நம்பினால் யாருக்கு லாபம்?

இங்கே நம் மொழியையும் சற்றுக் கடிந்துகொள்ளலாம். ‘ஸ்ட்ரெஸ்’ஸை ‘மன அழுத்தம்’ என்கிறோம். மனச்சோர்வு நோயையும் பலர் அதே சொல்லால் குறிக்கிறார்கள். முதல் பிழையால் உடலை மறக்கிறோம். இரண்டாவதால், சிகிச்சை வேண்டிய நோயாளியிடம் “கொஞ்சம் ரிலாக்ஸா இரு” என்கிறோம். நான் ‘இறுக்கம்’ என்றே எழுதுகிறேன். உடலுக்கும் மனத்துக்கும் அது பொது.

மேலும், இறுக்கம் பெரிய மனிதர்களின் நோய் என்றும் நினைக்கிறோம். பிரிட்டிஷ் அரசு ஊழியரிடம் 1967இல் தொடங்கிய ஆய்வில், மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியரே அதிகமாக மாரடைப்பால் இறந்தனர். புகைப்பழக்கம் போன்றவை அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியையே விளக்கின. விடியுமுன் போடியில் ஜீப்பேறி, மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். வேலையின் வேகமும் நேரமும் கூலியும் அவள் கையில் இல்லை. “டென்ஷனைக் குறை” என்ற அறிவுரை அவளுக்கு எதற்கு உதவும்?

ஆகவே நூலைப் படியுங்கள், வேதமாகக் கொள்ளாதீர்கள். நோயுற்ற உடலை முழுமையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அதன் பெருமை. உடலுக்குள் ஒரு மனிதர் இருப்பதை மறந்தது அதன் குறை. அடுத்த முறை நீங்கள் ஒரு தீக்காய வார்டுக்கு நோயாளியைப் பார்க்கப் போனால், “என்ன நடந்தது, சொல்லு” என்று துருவாதீர்கள். உடனே ஒரே மூச்சில் பேசவைப்பது பலன் தருவதில்லை. சிலருக்குத் தீங்காகவும் முடியும் என்கின்றன ஆய்வுகள். அவராகச் சொன்னால் கேளுங்கள். சில வாரங்கள் கழிந்தும் தூக்கம் வராமல் திடுக்கிட்டு எழுந்தால், காயத்துக்கு மருந்து போடும் டாக்டரிடமே அதையும் சொல்லச் சொல்லுங்கள். அதுவும் அதே தீ உண்டாக்கிய காயந்தான்.