நீலகேசியும் பழையனூர்ப் பேயும்

தங்கவயலில் பேய்க்கதை கேளாமல் வளர்ந்த பிள்ளை உண்டா? 2001-இல் சுரங்கம் மூடப்பட்டாலும் நைட் ஷிப்ட்காரர்கள் சொல்லிவைத்த பேய்கள் நம் பேச்சில் இன்னும் உலவிக்கொண்டுதான் இருக்கின்றன. எல்லாக் கதையிலும் முடிவு ஒன்றே. பேய் மிரட்டும்; தைரியசாலி ஒருவன் வந்து புளியமரத்தில் ஆணி அடித்து அதை அடக்குவான்.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசியும் சுடுகாட்டில்தான் தொடங்குகிறது. பாஞ்சால நாட்டில் காளி கோயிலுக்குப் பலியிட உயிர்களைக் கொண்டு வருகிறவர்களிடம், மண்ணால் செய்த உருவங்களை வையுங்கள் என்கிறார் முனிச்சந்திரர். பலி இழந்த காளி, அவரை விரட்டப் பழையனூர் நீலியை வரவழைக்கிறாள். நீலி மிரட்டிப் பார்க்கிறாள், பலிக்கவில்லை. அரசகுமாரி வடிவில் மயக்கப் பார்க்கிறாள், அதுவும் ஆகவில்லை. முனிவர் கையில் வாளும் இல்லை, மந்திரமும் இல்லை; பயமில்லை, அவ்வளவுதான். நீலி அவரிடம் அறம் கேட்டுக் கொல்லாமையை ஏற்கிறாள். அதோடு முனிவர் ஒதுங்கிவிட, பேயே காப்பியத் தலைவியாகிவிடுகிறாள். பேயை அழிக்காமல் அதற்கு அறிவைக் கொடுத்து, நூலுக்கே அதன் பெயரை வைத்த புலவரின் துணிவை என்னென்பது!

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சமண நூல் என்பதற்காக நான் மறைப்பதற்கில்லை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் கதை வேறு. அது பல வடிவில் சொல்லப்பட்டாலும், கணவன் கையால் கொலையுண்டவள் பேயாகி, கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வணிகனைத் தொடர்ந்து வந்து பழிதீர்த்தாள் என்பது பொது. அவளை நம்பி வணிகனுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதுபேர் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தனர். அவர்களுக்குப் புகழ் கிடைத்தது. அவளுக்குக் கிடைத்ததோ 'நீலிக் கண்ணீர்' என்கிற பழிச்சொல்! கொலையுண்டவள் அழுத அழுகை எப்படிப் பொய்யாகும்? நானும் ஒரு வியாபாரிதான். இருந்தும் இந்த வழக்கில் வணிகன் பக்கம் பேச எனக்கு வாய் வரவில்லை.

காப்பியப் புலவர் இந்தக் கொலையைத் தொடவே இல்லை. நீலி தான் செய்யவந்த தீமைக்கு வருந்துகிறாள், சரி. அவளுக்கு நேர்ந்த தீமையை யார் கேட்டார்கள்? கொல்லாமையைப் பேசும் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி வேறு ஏது?

பிந்திய சருக்கங்கள் வாதங்களே. குண்டலகேசி முதலாகப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதி என்று வரிசையாகத் தோற்கிறார்கள். எதிராளிக்குக் கொஞ்சம் பலம் கொடுத்திருக்கலாம். ஆயினும் தொலைந்துபோன குண்டலகேசியைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி இந்த வாதத்தாலும் சமயதிவாகர வாமன முனிவரின் உரையாலும் கிடைத்ததே. இரண்டையும் 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார்.

தர்க்கம் அலுத்தாலும் பத்தாவதான பூதவாதச் சருக்கத்தை விட்டுவிடாதீர்கள். உடம்புக்கு அப்பால் உயிர் என்று ஒன்றில்லை என்று சாதிக்கிறான் பூதவாதி. அவனுக்கு எதிரே உயிர் உண்டு என்று வாதிட நிற்பவள், பேயாக இருந்தவள்!