ஒரு சொல்லின் எடை

மென்பொருள் ஆவணத்தில் யாராவது ஒரே ஒரு சொல்லைத் திருத்தினாலும், இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே அது சேரும் என்பது திறமூலத் திட்டங்களின் வழக்கம். ஓர் எழுத்துக்கு இவ்வளவு சடங்கா என்று கேட்பவர்கள் இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ‘ஆர்எஃப்சி’ ஆவணங்களில் 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1945ஐப் பார்க்கலாம். ‘ரெஃபரர்’ என்ற சொல்லில் ஓர் ‘ஆர்’ விடுபட்டு, அந்தப் பிழையே எச்டிடிபி தலைப்பு ஒன்றின் பெயராக அதில் பதிந்துவிட்டது. உலாவிகளும் வழங்கிகளும் அதை நம்பி எழுதப்பட்டுவிட்டதால், 2022இல் வந்த ஆர்எஃப்சி 9110உம் அதே பிழையைச் சுமக்கிறது. பொருளைத் தொடும் சொல்லில் கவனம் இன்னும் அவசியம். ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ ஆகிய சொற்கள் எவ்வளவு கட்டாயமானவை என்று 1997இல் ஆர்எஃப்சி 2119 வரையறுத்தது. பெரிய எழுத்தில் வந்தால் மட்டுமே அந்தப் பொருள் என்று தெளிவுபடுத்த 2017இல் ஆர்எஃப்சி 8174 தேவைப்பட்டது. ‘செய்யலாம்’ என்பது ‘செய்ய வேண்டும்’ என்றானால், நேற்றுவரை சரியாக இருந்த நிரல் இன்று விதிமீறல் ஆகிவிடும்.

ஆகவே குறை சரிபார்ப்பதில் இல்லை. எல்லாத் திருத்தத்தையும் ஒரே வரிசையில் நிறுத்துவதில் இருக்கிறது. அணு உலைத் திட்டத்தைச் சட்டென்று நிறைவேற்றும் குழு, சைக்கிள் கொட்டகைக்கு நெடுநேரம் வாதாடும் என்று 1957இல் ஆங்கிலேய எழுத்தாளர் பார்க்கின்சன் கேலி செய்தார். நிரல் புரியாதவருக்கும் கமா புரியும் என்பதால், ஆவணத் திருத்தங்களிலும் அதுவே நடக்கிறது. அந்தக் கமாவுக்கு விலையும் உண்டு. மொழிபெயர்ப்புக்குப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் முறையில் மூல வாக்கியம் சற்றே மாறினாலும் பழைய மொழிபெயர்ப்பு ‘ஃபஸ்ஸி’ என்று ஒதுக்கப்படும். யாராவது மறுபடி பார்த்துச் சரிசெய்யும்வரை தமிழ் வாசகருக்கு அந்த இடத்தில் பொதுவாக ஆங்கிலமே தெரியும். ஆங்கில வாக்கியத்தை அழகுபடுத்தியவரின் கணக்கில் இந்த உழைப்பு ஏறுவதில்லை.

சிறு திருத்தம்தான் புதியவர்கள் உள்ளே வரும் வாசல், கெடுபிடி அவர்களை விரட்டிவிடும் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் என்னாகும் என்பதை திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு 2020இல் காட்டியது. நான்கு திருத்தங்களுக்கு ஒரு டி-ஷர்ட் என்றதும் ‘ரீட்மீ’ கோப்புகளில் வெற்றுச் சொற்கள் வந்து குவிந்தன; விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே போட்டி என்று அந்த அக்டோபர் மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. வாசலை மூட வேண்டாம். வருவதைத் தரம் பிரித்தால் போதும். எழுத்துப்பிழை என்றால் உடனே சேர்க்கலாம். வெறும் ரசனை வேறுபாடு என்றால் நன்றி சொல்லித் திருப்பிவிடலாம். படிப்பவர் செய்யப்போவது அந்தச் சொல்லால் மாறும் என்றால், நிரலை அறிந்தவர் பார்க்காமல் சேர்க்கக் கூடாது.