தோளுக்கு மேலே தெரிவது

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை. திருச்சி வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், அப்பாவின் 1989 மாடல் புல்லட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு ஸ்க்ரூவோடு ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பாயின்ட் பிளேட்டைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ. எட்டு வருடம் தார்ப்பாய்க்குக் கீழே நின்ற வண்டி என்பதால் துருவேறி இறுகிப்போயிருந்தது. திருப்புளி வழுக்க வழுக்க, ஸ்க்ரூவின் தலையில் இருந்த வெட்டு மழுங்கிக்கொண்டே வந்தது.

காதில் இயர்போன். ராபர்ட் பிர்சிக்கின் ‘ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ ஒலிநூல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாவலிலும் இப்படிக் கழற்ற முடியாமல் இறுகிய ஒரு ஸ்க்ரூ வருகிறது. அதற்காகவே அந்த அத்தியாயத்தைத் தேடிப் போட்டிருந்தேன். என்ன செய்வதென்றே தெரியாமல் நின்றுபோகும் அந்த நிலையைக் கண்டு பயப்படாதே, உண்மையான புரிதல் அங்கேதான் தொடங்குகிறது என்கிறார் பிர்சிக். கேட்க நன்றாக இருந்தது. ஸ்க்ரூ அசையவில்லை.

படியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். இயர்போனைக் கழற்றினேன்.

“எத்தன தடவடா சொல்றது? காதுலயே விழல உனக்கு. திருப்புளிய வெச்சு பின்னாடி சுத்தியால ஒரு தட்டு தட்டு. அப்புறம் திருப்பு.”

தட்டினேன். திரும்பியது.

நாற்பது வருடமாக அந்த வண்டி மாதிரியான வண்டிகளோடு பழகிய ஒருவர் பத்தடி தள்ளி உட்கார்ந்து பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் கவனம் என்பதைப் பற்றிய ஒரு புத்தகத்தை மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த நாவலை மூன்றாவது முறையாக வாசிக்க வைத்தது அந்த வெட்கம்தான்.

*

1974-இல் வெளிவந்த நாவல். 121 பதிப்பகங்கள் நிராகரித்த பிறகு அச்சேறி, லட்சக்கணக்கில் விற்றது. கதை எளிது. ஒரு அப்பாவும் பதினோரு வயது மகன் கிறிஸ்ஸும் மின்னசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை பைக்கில் போகிறார்கள். முதல் பாதியில் சதர்லேண்ட் தம்பதி இன்னொரு பைக்கில் கூட வருகிறார்கள். சாலைக்கு நடுநடுவே, ‘சட்டாக்வா’ என்று கதைசொல்லி பெயர் வைத்திருக்கும் நீண்ட சொற்பொழிவுகள்: தொழில்நுட்பம், பகுத்தறிவு, தரம் என்றால் என்ன, இப்படி. அந்தக் கதைசொல்லி ஒரு காலத்தில் மனம் பிறழ்ந்து மருத்துவமனையில் மின்அதிர்ச்சி சிகிச்சை பெற்றவர். சிகிச்சைக்கு முன்பிருந்த தன்னை ‘ஃபீட்ரஸ்’ என்று வேறொரு ஆளைப் போலப் பெயர் சொல்லித்தான் நினைவுகூர்கிறார்.

எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு இந்தப் புத்தகத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. கதைசொல்லியின் வேலை கம்ப்யூட்டர்களுக்கு மேனுவல் எழுதுவது. பிர்சிக்கும் அந்த வேலை பார்த்தவர்தான். ‘உங்களுக்கெல்லாம் இலக்கியம் எதற்கு?’ என்று கேட்கப்பட்ட ஒரு கூட்டத்துக்கு, இயந்திரத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்வதும் ஒரு அறவேலைதான் என்று இந்த நாவல் சொன்னது. ஹாஸ்டலில் செராக்ஸ் பிரதியில் முதன்முதலாகப் படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குப் போன பிறகு டீமில் யாராவது அரைகுறையாக கோட் எழுதினால், மனசுக்குள் பிர்சிக்கை வைத்துத்தான் அவர்களை மட்டம் தட்டுவேன். ‘இவனுக்கு அக்கறை இல்லை’ என்று ஒரே வரியில் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்புக்கு நாவலிலேயே ஒரு மூலக் காட்சி இருக்கிறது. கதைசொல்லியின் பைக் என்ஜின் இறுகிவிடுகிறது. ஒரு ஷாப்பில் விடுகிறார். அங்கே ரேடியோ அலறுகிறது, பசங்கள் சிரித்துப் பேசிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள், சுத்தியலும் உளியும் வைத்து அடித்துக் கெடுத்துவிடுகிறார்கள். கடைசியில் கோளாறு ஆயில் போகும் வழியில் முறிந்துபோன, இருபத்தைந்து சென்ட் பெறாத ஒரு பின்னில் இருந்தது என்று அவரே கண்டுபிடிக்கிறார். அவர் முடிவு: அந்தப் பசங்கள் தங்கள் வேலையிலேயே வேடிக்கை பார்ப்பவர்களாக இருந்தார்கள்.

முதல் இரண்டு வாசிப்புகளில் இந்தப் பத்திகளை அடிக்கோடிட்டேன். மூன்றாவது முறை ஒரு விஷயம் உறுத்தியது. அந்தப் பசங்களின் சம்பளம் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை வண்டி பார்க்கச் சொல்லியிருந்தார்கள் என்று கதைசொல்லி கேட்பதே இல்லை. இயந்திரத்தில் ஒரு கோளாறு வந்தால் அதன் காரணத்தைப் படிப்படியாகத் தேடிப் போகிற மனிதர், மனிதர்களிடம் ஒரு கோளாறு வந்தால் மட்டும் ‘மனப்பான்மை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இதே காட்சியை மேத்யூ கிராஃபோர்டும் 2009-இல் வந்த ‘ஷாப் கிளாஸ் அஸ் ஸோல்கிராஃப்ட்’ நூலில் எடுத்துப் பேசுகிறார். அரசியல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, வாஷிங்டனில் ஒரு ஆய்வு நிறுவன வேலையைச் சில மாதங்களில் உதறிவிட்டு, வர்ஜீனியாவில் பைக் ஷெட் வைத்தவர். அவரும் அந்தப் பசங்களை விடுவதில்லை. ஆனால் அவருக்கு பில் என்ற ஒன்று தெரியும். ஒரு பழைய ஹோண்டாவின் ஆயில் சீலைத் தோண்டிக்கொண்டே போகும் தன் ஆர்வத்துக்கு வாடிக்கையாளர் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று யோசிக்கிறார். வீட்டில் உட்கார்ந்து தன் வண்டியைப் பிரிப்பவனுக்கு நேரம் இலவசம். கடை வைத்திருப்பவனுக்கு அப்படி இல்லை. பிர்சிக்கிடம் இல்லாத இந்த உணர்வு கிராஃபோர்டிடம் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடினம். டைமிங் கவரில் ஒரு ஸ்க்ரூவை நான் ஓவராக முறுக்கி மரையைக் காலி பண்ணியபோது, அப்பாவுக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் அண்ணன் வந்து சரிசெய்து கொடுத்தார். பன்னிரண்டு வயதில் ஷெட்டில் சேர்ந்தவர். “நம்பர் தப்பா ஸ்பேனர் எடுத்துக் குடுத்தா அதே ஸ்பேனர் முட்டியில விழும் தம்பி. அப்படித்தான் நம்பர் படிச்சேன்” என்றார் சிரித்துக்கொண்டே. எனக்கு வார இறுதித் தியானமாக இருப்பது அவருக்கு, வேறு வழியில்லாமல் வாய்த்தது. கையால் வேலை செய்வதன் மேன்மையைப் பற்றி எழுதுகிற நாம் யாரும் அந்த வேலைக்கு நம் பிள்ளைகளை அனுப்புவதில்லை.

*

நாவலில் நம் ஊர் ஒரு இடத்தில் வருகிறது. பழைய மதிப்பீடுகளை விட முடியாமல் மனம் கெட்டிப்படுவதை விளக்க, ‘தென்னிந்தியக் குரங்குப் பொறி’ என்று ஒன்றைச் சொல்கிறார் பிர்சிக். குடைந்த தேங்காய்க்குள் அரிசி. கையை நுழைக்கலாம், மூடிய முஷ்டியோடு வெளியே எடுக்க முடியாது. அரிசியை விட்டால் குரங்கு தப்பிக்கும். விடாது. திருச்சியில் வளர்ந்த நானும் சரி, அப்பாவும் சரி, அப்படி ஒரு பொறியைப் பார்த்ததில்லை. “தேங்கா விக்கிற வெலைக்கு எவன்டா அதுல பொறி வெப்பான்” என்றார் அப்பா.

பொறி இருந்ததோ இல்லையோ, படிமம் சரியானது. கதைசொல்லியின் முஷ்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் நாவலே வேறு மாதிரி தெரிகிறது.

பின்சீட்டில் கிறிஸ் இருக்கிறான். அவனுக்குப் பசிக்கிறது. வயிறு வலிக்கிறது. டாக்டர்கள் அதை மனநோயின் தொடக்கமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். அவன் கேள்வி கேட்கிறான், அப்பா இரண்டு சொல்லில் பதில் சொல்லிவிட்டு, அடுத்த இருபது பக்கம் கிரேக்கத் தத்துவம் பேசுகிறார். அதுவும் நம்மிடம், கிறிஸ்ஸிடம் இல்லை. வால்வில் வருகிற சின்னச் சத்தம்கூடக் காதில் விழுகிற மனிதருக்கு, முதுகுக்குப் பின்னால் ஒரு பையன் அழுவது தாமதமாகத்தான் கேட்கிறது. ‘தரம்’ என்ற அந்த ஒரு பிடி அரிசியை அவரால் விட முடியவில்லை.

இணையத்தில் இந்த நாவலிலிருந்து பகிரப்படும் மேற்கோள்களைப் பாருங்கள். பெரும்பாலும் சொற்பொழிவுப் பகுதிகள்தான். கிறிஸ்ஸின் வரிகளை யாரும் போஸ்டர் போடுவதில்லை. நானும் அப்படித்தான் வாசித்திருக்கிறேன், பையன் பேசும் இடங்களை வேகமாகத் தாண்டி. பிர்சிக் நம்மை அப்படித் தாண்ட வைக்கிறார் என்றே இப்போது நினைக்கிறேன். கதைசொல்லி செய்யும் அதே தவறை வாசகனும் செய்தாக வேண்டும். அதற்காகத்தான் சொற்பொழிவுகள் அவ்வளவு நீளம், பையனின் வசனங்கள் அவ்வளவு குட்டை. இந்த நாவல் தன் கதைசொல்லியைவிட அதிகம் தெரிந்தது.

கடைசி அத்தியாயங்களில் அது வெளிப்படுகிறது. மருத்துவமனையில் ஒரு கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் மகன். அப்பா ஏன் கதவைத் திறக்கவில்லை என்ற கேள்வியைப் பையன் இத்தனை வருடம் சுமந்து வந்திருக்கிறான். அது பேசப்பட்ட பிறகுதான் வண்டி மறுபடி கிளம்புகிறது. கிறிஸ் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நிற்கிறான். இதுவரை அப்பாவின் தோளுக்கு மேலே தனக்கு எதுவும் தெரிந்ததில்லை என்கிறான். அத்தனை ஆயிரம் மைல் பயணத்திலும் அவன் பார்த்தது ஒரு முதுகைத்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. சிகாகோ பல்கலைக்கழக வகுப்பறைப் பகுதிகள் இழுவை. பெண்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை, கிறிஸ்ஸின் அம்மா உட்பட. இத்தனை வருடக் காயம் சில பக்கங்களில் ஆறிவிடுவதும் அவசரமாகத்தான் இருக்கிறது. முக்கியமாக, நாவல் கிறிஸ்ஸிடம் திரும்பி வந்துவிடுகிறது, அந்த மெக்கானிக் பசங்களிடம் கடைசிவரை திரும்பிப் போவதில்லை.

1979-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில், ஸென் மையத்திலிருந்து வெளியே வந்த நிஜ கிறிஸ் வழிப்பறியில் கொல்லப்பட்டார். 23-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. பிர்சிக் பின்னுரையில் அதை எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அந்த ஃபுட்ரெஸ்ட் காட்சிக்குத் திரும்பிப் போவது எளிதில்லை. அவர்கள் போன அந்த 305 சிசி ஹோண்டா சூப்பர் ஹாக் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. வண்டி நன்றாகப் பராமரிக்கப்பட்ட வண்டி.

*

என் கதைக்கு வருகிறேன். பாயின்ட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுவதுதான் என் திட்டமாக இருந்தது. கிட்டும் வாங்கியாகிவிட்டது. பாயின்ட் தேயும், கருகும், கேப் மாறும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும். பழைய கோடைத் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதுவது என் தொழில்புத்தி. அப்பாவிடம் சொன்னேன். “ஆல்டர் பண்ணணும்னா பண்ணிக்கோ” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப முள்ளு ஆடாதே” என்றார்.

எந்த முள் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஹெட்லைட்டுக்கு மேலே சின்னதாக ஒரு ஆம்ப் மீட்டர் இருக்கும். சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்தினால், பாயின்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். கிக்கர் இறுகி நிற்கிற இடத்தில் முள்ளும் நடுவுக்கு வந்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது இடது கையில் டிகம்ப்ரஸரைப் பிடித்து, கிக்கரை ஒரு நூல் தள்ளி, விட்டுவிட்டு, மேலே கொண்டுவந்து ஒரே உதை. இது தெரியாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். அப்பாவின் வலது கணுக்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரான அந்த வார்ப்பிரும்பு என்ஜின்கள், ஓட்டுகிறவனோடு இப்படி முள்ளால் பேசின. நான் வாங்கிய கிட்டைப் போட்டால் அந்தச் சைகை போய்விடும்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். வலது கை நடுங்கும். இனி அவர் அந்த வண்டியை உதைக்கப்போவதில்லை, ஓட்டப்போவதும் இல்லை. எனவே முள் ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவர் என்னிடம் சொல்லிக்கொடுக்க மிச்சம் வைத்திருந்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது. கிட் பீரோவில் கிடக்கிறது. பாயின்ட்டையே தேய்த்துப் போட்டிருக்கிறேன். நல்ல முடிவா என்று தெரியாது. மழைக்காலத்தில் வண்டி நடுரோட்டில் நிற்கும்போது பிர்சிக்கையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

முதல் நாள் ஏழாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, என் தோளைப் பிடித்துப் பின்னால் ஏறினார். காவேரிப் பாலம் வரை போனோம். சின்ன வயதில் அந்த சீட்டில் உட்கார்ந்து நானும் ஒரு வெள்ளைச் சட்டை முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். பாலத்தில் ஏறும்போது பின்னாலிருந்து அப்பா ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, “என்னப்பா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் குனிஞ்சு ஓட்டு. முன்னாடி எதுவும் தெரியல எனக்கு.”